தினமும் நடக்கிறேன், சர்க்கரை இறங்கவில்லை: 50 வயதுக்கு மேல் வேறென்ன செய்ய வேண்டும்?

கெலுகோர்_57
செவ்வாய், இரவு 10:20

எல்லாருக்கும் வணக்கம். வயது 57. முப்பது வருடம் பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) வந்து ஆறு வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின் காலையில் ஒரு கிராம், இரவில் ஒரு கிராம். வேறு மாத்திரை இல்லை.

இரண்டு வருடமாக நடக்கிறேன். மழை நாளைத் தவிர ஒரு நாளும் விட்டதில்லை. காலை ஏழு மணிக்குத் தாவரவியல் பூங்கா வாசலில் காடியைப் போட்டுவிட்டு ஐம்பது நிமிடம் சுற்றி வருவேன்.

போன வாரம் கிளினிக்கில் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) பார்த்தார்கள். 7.6 விழுக்காடு. அதற்கு முந்தைய தடவை 7.5. டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்க்கலாம் என்றார். மூன்று மாதம் கொடுங்கள், முயன்று பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். வீட்டில் குத்திப் பார்த்தால் வெறும் வயிற்றில் 6.4, 6.6 மில்லிமோல் என்று நன்றாகத்தான் இருக்கிறது. இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12-க்கு மேல் ஏறி நிற்கிறது. நேற்று 12.6.

இவ்வளவு நடந்தும் ஏன் இப்படி? என் அப்பாவுக்கு இதே நோயில் ஒரு காலை எடுத்தார்கள். அப்போது அவருக்கு என் வயதுதான். அதனால்தான் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்காரன்
செவ்வாய், இரவு 10:41

வேகம் போதாது அண்ணே. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி வைத்துப் பாருங்கள். கைக்கடிகாரமே எண்ணிச் சொல்லிவிடும்.

ஓய்வுபெற்ற_தாதி
புதன், காலை 6:15

தம்பி, அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. அரசாங்க மருத்துவமனையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக் காலம் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதிலேயே போனது. நீங்கள் கேட்கத் தோன்றியதே நல்லது.

முதலில் இதைச் சொல்லுங்கள். நடந்து முடித்ததும் எங்கே பசியாறுகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள்? மீதி நாள் எப்படிப் போகிறது? இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, அதன் பிறகு என்ன செய்வீர்கள்?

பத்தாயிரம் என்பது 1965-இல் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய கணக்கு. மருத்துவர்கள் அளந்து வைத்த எல்லை அன்று. அதைப் பிடித்துக்கொண்டு மனம் தளர வேண்டாம்.

கெலுகோர்_57
புதன், காலை 9:02

நன்றி அக்கா. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நடந்துவிட்டு நண்பர்களோடு கடையில் உட்காருவோம். இரண்டு ரொட்டி சானாய் (பரோட்டா), ஒரு தே தாரேக் (இனிப்புப் பால் தேநீர்). அப்புறம் வீட்டுக்கு வந்தால் பேப்பர், டிவி, மதியம் ஒரு தூக்கம். ஷிப்டில் இருந்தபோது எட்டு மணி நேரம் நின்றுகொண்டே இருப்பேன், இப்போது அது இல்லை. இரவு ஒன்பதுக்குச் சோறு, மீன் குழம்பு. அதன் பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை, பதினொன்றுக்குப் படுக்கை.

பட்டர்வொர்த்_பிசியோ
புதன், பிற்பகல் 1:30

அண்ணே, நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் நடை வீண் போகவில்லை. வெறும் வயிற்று அளவு நன்றாக இருப்பதில் அதற்கும் பங்கு இருக்கும். ஆனால் உங்களுக்குச் சிக்கல் இரவு ஒன்பது மணிக்கு மேல். நீங்கள் காலை ஏழு மணிக்கு நடக்கிறீர்கள்.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையைச் சேர்த்து வைக்க உடம்பில் இரண்டு கிடங்குகள். கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம் அடங்கும். தசையில் 400 கிராம் வரை அடங்கும். சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலின் பெரும்பாலும் தசைக்குள்தான் தள்ளப் பார்க்கிறது. இனிப்புநீர் உள்ளவருக்கு அந்தக் கதவு இன்சுலின் தட்டினால் சரியாகத் திறக்காது. ஆனால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் தட்டாமலேயே கதவு உள்ளிருந்து திறக்கும். குளூட்-4 என்ற புரதம் தசையணுவின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்ளும். சோறு செரித்து இரத்தத்தில் ஏறும் அந்த நேரத்தில் உங்கள் தொடையும் பின்புறமும் நாற்காலியில் சும்மா கிடக்கின்றன. வந்த சரக்கை இறக்க ஆளில்லை.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. இனிப்புநீர் உள்ள 41 பேர். இரண்டு வாரம் ஒரு நாளைக்கு எப்போதாவது 30 நிமிடம் நடந்தார்கள். இன்னொரு இரண்டு வாரம் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தார்கள். மொத்த நேரம் ஒன்றுதான். சாப்பாட்டுக்குப் பின் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 விழுக்காடு.

அதனால் முதல் மாற்றம்: சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டு வாருங்கள். கை கழுவியதும் தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) 15 நிமிடம் நடங்கள். மழை பெய்தால் வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம்.

இரண்டாவது மாற்றம் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நடை மட்டும் தசையைக் காக்காது. முப்பது, நாற்பது வயதிலிருந்தே பத்து வருடத்துக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை கரைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. எடை அப்படியே இருக்கும், கால் மெலியும், வயிறு முன்னே வரும். கிடங்கே சுருங்கிப்போன பிறகு கதவு திறந்து என்ன பயன்? உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிறது. எல்லாருக்கும் நினைவிருப்பது இந்த வரிதான். அடுத்த வரியில் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. 65-க்கு மேல் சமநிலைப் பயிற்சி மூன்று நாள். இந்த வரிகளை நம் ஆட்கள் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பாரம் தூக்குவது இளைஞர்களுக்கு என்று நினைத்துவிடுகிறோம்.

1990-இல் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் சராசரி வயது 90. கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. 57 என்பது ஆரம்பிக்க நல்ல வயது அண்ணே.

கெலுகோர்_57
புதன், பிற்பகல் 2:10

தம்பி, இப்படி யாரும் எனக்கு விளக்கியதில்லை. ஜிம்முக்குப் போக வேண்டுமா? மாதம் நூறு வெள்ளிக்கு மேல் கேட்கிறார்கள். முழங்காலும் கொஞ்சம் வலிக்கிறது.

ஆயர்ஈத்தாம்_அக்கா
புதன், மாலை 5:48

ஜிம் வேண்டாம் தம்பி. எனக்கு 63. நான் சாப்பாட்டு மேசை நாற்காலியில் ஆரம்பித்தவள். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முதல் நாள் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். என் அம்மா குனிந்து நிமிர்ந்து பால்மரம் வெட்டினவர். எழுபது வயதில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காய் அரிந்துவிட்டுக் கை ஊன்றாமல் எழுவார். நான் அறுபதில் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் நின்ற அன்று அழுதுவிட்டேன்.

செய்கிற விதத்தைச் சொல்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கால் வளையும், டைல்சில் வழுக்கும். கனமான மர நாற்காலியை முதுகு சுவரில் முட்டும்படி வையுங்கள். நுனிக்கு வந்து உட்காருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, இடுப்பகலம் விட்டு வையுங்கள். மூக்கு கால் பெருவிரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாயுங்கள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நேராக எழ முயன்றால் முழங்காலில்தான் பாரம் விழும், சாய்ந்து எழுந்தால் தொடையும் பின்புறமும் வேலை செய்யும். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். அந்த இறக்கத்தில்தான் வலுவே வருகிறது. முடியாவிட்டால் முதல் வாரம் நாற்காலிமேல் ஒரு தலையணையைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

நான் எட்டெட்டாக இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள் என்று தொடங்கினேன். இப்போது ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பன்னிரண்டு செய்கிறேன். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து. ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஃபிளாட் நடைபாதையில் போய் வருவது. மொத்தம் இருபது நிமிடம். முழங்கால் வலி குறைந்ததுதான் எனக்கு முதலில் தெரிந்தது. சர்க்கரை அப்புறம்தான் இறங்கியது.

பட்டர்வொர்த்_பிசியோ
புதன், இரவு 8:05

அக்கா சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. அளந்து பார்க்க ஒரு வழி: 30 விநாடியில் கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது வரை ஆண்களுக்கு 14-க்குக் கீழும் பெண்களுக்கு 12-க்குக் கீழும் இருந்தால் கால் வலு சராசரிக்குக் குறைவு என்பது வழக்கில் உள்ள கணக்கு. அண்ணனுக்கு அதைவிட வயது குறைவு, ஆகவே கூடுதலாக வர வேண்டும்.

கெலுகோர்_57
புதன், இரவு 8:40

இப்போதுதான் செய்து பார்த்தேன். 11.

பிறை_லோரி
வியாழன், அதிகாலை 4:55

ஓர் எச்சரிக்கை எழுத வேண்டும் என்று தோன்றியது. நானும் இனிப்புநீர்க்காரன், 52 வயது. எனக்கு மெட்ஃபார்மினோடு கிளிக்லசைடும் உண்டு. இரண்டு வருடம் முன்பு உடற்பயிற்சி என்று கேள்விப்பட்டதும் ஒரேயடியாக இறங்கினேன். காலையில் மாத்திரை போட்டுவிட்டு, பசியாறாமல், தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறினேன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். பாதி வழியில் கை நடுங்கியது. சட்டை முழுக்க வேர்த்தது, ஆனால் உடம்பு குளிர்ந்தது. எதிரே வருபவர் முகம் இரண்டாகத் தெரிந்தது. மேலே போகிற களைப்பு என்றே நினைத்தேன். பின்னால் வந்த ஒரு பெண்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள் உட்காருங்க" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பையிலிருந்த ரிபெனா இனிப்புப் பானப் பாக்கெட்டைக் குத்திக் கையில் கொடுத்தாள். அவளுடைய பாட்டிக்கும் இப்படி வருமாம். பத்து நிமிடத்தில் தெளிந்தது. அந்தப் பிள்ளை யாரென்று இன்றுவரை தெரியாது.

கிளிக்லசைடு சர்க்கரையை இவ்வளவு இறக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது லோரியிலும் சட்டைப்பையிலும் குளுக்கோஸ் மிட்டாய் வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற_தாதி
வியாழன், காலை 7:20

பிறைத் தம்பி, நல்லவேளை. இதைப் படிப்பவர்கள் எல்லாரும் தங்கள் மாத்திரைப் பெயரை இன்றே எடுத்துப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இப்படிச் சர்க்கரை விழுவது அரிது. கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் போன்றவை இருந்தால் விழும். 4-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். உடற்பயிற்சி கூடுகிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் அளவை மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு நாடித் துடிப்பு அதிகம் ஏறாது, படபடப்பும் அவ்வளவாகத் தெரியாது. கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பாமல் பேச்சை வைத்து அளந்துகொள்ளுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். கண் விழித்திரையில் இரத்தக் கசிவு இருப்பதாகச் சொல்லியிருந்தால் பாரம் தூக்குவதற்கு முன் கண் மருத்துவரைக் கேளுங்கள். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ இழுக்கும் வலி வந்தால் நின்றுவிடுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம் கால். நான் கட்டு மாற்றிய புண்களில் எத்தனையோ சின்னக் கொப்புளமாகத் தொடங்கியவை. உணர்ச்சி மங்கிய பாதத்துக்குக் கல் குத்துவது தெரியாது. ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். மூடிய சப்பாத்து, பருத்திக் காலுறை. போடும் முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், இல்லையென்றால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கெலுகோர்த் தம்பி, அப்பாவை நினைத்தாவது இதை ஒரு நாளும் விடாதீர்கள்.

ஜெலுத்தோங்காரன்
வியாழன், காலை 10:33

எல்லாம் சரிதான் அக்கா, ஆனால் நம் இரத்தத்திலேயே இருக்கிறதே இது? என் தாத்தா தோட்டத்தில் நாள் முழுக்க உழைத்தவர், ஒல்லி உடம்பு. அவருக்கும் வந்தது. எனக்கு 46, தொடக்க நிலை என்று சொல்லியிருக்கிறார்கள், மூன்று மாதச் சராசரி 5.9. வரப்போவது வரத்தானே செய்யும்?

பட்டர்வொர்த்_பிசியோ
வியாழன், பிற்பகல் 1:15

அண்ணே, இது பலர் மனதில் இருக்கும் கேள்வி. பரம்பரை உண்மைதான். 2019-இன் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியரிடையே அதைவிட மிக அதிகம். ஒல்லியாகத் தெரிந்தாலும் நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சேரும், தசை குறைவாக இருக்கும். அதனால்தான் நமக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்கார ஆண்களுக்கு இது இன்னும் கூடுதல்.

ஆனால் இரத்தத்தில் இருப்பதால் தடுக்க முடியாது என்பது தவறு. நம்மைப் போன்றவர்களிடமே பார்த்திருக்கிறார்கள். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. எல்லாரும் உங்களைப் போலத் தொடக்க நிலையில் இருந்தவர்கள். அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுக்குள் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்துவிட்டது. அவ்வளவு வேகம் நம் உடம்புக்கு. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களிடம் அந்த ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவு, 26.4. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதலாகப் பயன் வரவில்லை. அமெரிக்காவில் 2002-இல் வந்த பெரிய ஆய்வில் உணவையும் நடையையும் மாற்றியவர்களிடம் ஆபத்து பொதுவாக 58 விழுக்காடு குறைந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 71. வயதானவர்களுக்குத்தான் பலன் அதிகம் கிடைத்தது.

மலேசிய வழிகாட்டியில் மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.2 வரை தொடக்க நிலை, 6.3-இலிருந்து நோய். உங்கள் 5.9 இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற_தாதி
வியாழன், பிற்பகல் 2:00

தாத்தாவுக்கு வந்தது என்கிறீர்கள். உழைக்காமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் முன்னால் வந்திருக்குமோ என்னவோ, அதை யார் சொல்ல முடியும்? 40-க்கு மேல் அரசு உதவித்தொகை பெறும் குடும்பத்தினருக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. உங்கள் வீட்டிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

சுங்கைப்பட்டாணி_மகள்
வியாழன், இரவு 9:25

என் அம்மாவுக்கு 74. பினாங்கில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். குளியலறையில் ஒருமுறை விழுந்ததிலிருந்து நடக்கவே பயப்படுகிறார், நாள் முழுக்க சோபாதான். அவரை எப்படித் தொடங்க வைப்பது?

ஆயர்ஈத்தாம்_அக்கா
வியாழன், இரவு 10:10

சமையலறைச் சிங்கைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கச் சொல்லும்மா. பத்து தடவை, நீ பக்கத்தில் நில். அப்புறம் ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்துப் பத்து விநாடி நிற்பது. விளம்பரம் வரும்போதெல்லாம் சோபாவிலிருந்து ஒருமுறை எழுந்து உட்காரச் சொல். உடற்பயிற்சி என்று சொன்னால் மாட்டார், "வாங்கம்மா, தே கலக்கலாம்" என்று கூப்பிடு. குளியலறையில் பிடிமானக் கம்பி போட அண்ணனிடம் சொல், அதுதான் முதல் வேலை.

பட்டர்வொர்த்_பிசியோ
வியாழன், இரவு 10:30

முட்டை, மீன், பருப்பு ஏதாவது ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருக்கட்டும். வெறும் ரொட்டியும் பிஸ்கட்டுமாக ஓட்டினால் எவ்வளவு பயிற்சி செய்தும் தசை ஏறாது. சிறுநீரகம் பாதித்திருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

கெலுகோர்_57
ஞாயிறு, இரவு 9:15 (பன்னிரண்டு வாரம் கழித்து)

இந்த இழையை மறுபடி மேலே கொண்டு வருகிறேன். நேற்றுதான் முடிவு வந்தது.

முதல் மூன்று வாரம் கடினமாகத்தான் இருந்தது. ஏழரைக்குச் சாப்பிட வீட்டில் யாரும் தயாராக இல்லை, நானும் மனைவியும் மட்டும் சாப்பிட்டோம். சாப்பிட்டதும் 15 நிமிடம் தாமானுக்குள் இரண்டு சுற்று. மழை நாளில் கீழே கார் நிறுத்தும் இடத்தில் நடந்தோம். இரவு அளவு முதல் வாரமே 12-இலிருந்து 10-க்கு வந்தது, இப்போது 8.8, 9 என்று நிற்கிறது. இரவில் பாதித் தட்டுச் சோறுதான். காலை நடைக்குப் பிறகு ஒரே ரொட்டி சானாய், அதோடு பருப்பும் முட்டையும். தே தாரேக் போய் கோப்பி ஓ கோசோங் (சீனியில்லாத கறுப்புக் காப்பி). நண்பர்கள் விட்டுவிட்டுப் போகவில்லை, அதே மேசைதான்.

நாற்காலிப் பயிற்சி திங்கள், புதன், வெள்ளி. 11 இருந்தது 17 ஆகியிருக்கிறது. எடை ஒரு கிலோதான் குறைந்தது, ஆனால் இடுப்பு 97-இலிருந்து 93. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. மூன்று மாதச் சராசரி 6.9. இரண்டாவது மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், அடுத்த பரிசோதனையில் பார்க்கலாம் என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

பாதத்தைத் தினமும் மனைவி டார்ச் அடித்துப் பார்க்கிறார். போன மாதம் வலது சுண்டுவிரல் பக்கம் தோல் சிவந்திருந்ததைக் கண்டுபிடித்தது அவர்தான், எனக்கு வலியே இல்லை. சப்பாத்தை மாற்றினேன், இரண்டு நாளில் சரியானது. அக்கா, அன்று நீங்கள் எழுதியிருக்காவிட்டால் பார்த்திருக்கவே மாட்டோம்.

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குப் பூங்கா வாசலில் இருப்பேன். நடை முடிந்ததும் பெஞ்சில் எழுந்து உட்காருகிற பயிற்சியும் செய்யலாம் என்று நினைக்கிறேன். வருகிறவர்கள் வாருங்கள். ஜெலுத்தோங் தம்பி, உங்களைத்தான் கேட்கிறேன்.

ஜெலுத்தோங்காரன்
ஞாயிறு, இரவு 9:40

வருகிறேன் அண்ணே. என் மனைவியும் வருவார்.

ஆயர்ஈத்தாம்_அக்கா
ஞாயிறு, இரவு 9:58

நானும் வருகிறேன். பழைய சைக்கிள் டியூப் நான்கு வெட்டிக் கழுவி வைத்திருக்கிறேன். பெஞ்சில் கட்டி இழுத்தால் முதுகுக்கும் கைக்கும் நல்ல வேலை. எடுத்து வருகிறேன்.